முடியாத செயல்களின் இலக்கணம்

"ஷி வாஸ் வாக்கிங்" என்று ஒருவர் சொன்னால், அவள் நடந்தாள் என்பதில் நமக்குச் சந்தேகம் வராது. பாதியில் யாரேனும் நிறுத்தியிருந்தாலும் அதுவரை நடந்தது நடந்ததுதான். "ஷி வாஸ் கிராஸிங் த ரோடு" என்றால்? அவள் சாலையைக் கடந்தாளா? அந்த வாக்கியத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. எதிரே வந்த பேருந்தைப் பார்த்து அவள் பாதியிலேயே திரும்பியிருக்கலாம். தமிழிலும் அப்படித்தான்: 'கடந்துகொண்டிருந்தாள்' என்பவள் கடந்தே தீர வேண்டும் என்பதில்லை.

இந்த வேறுபாடு வினைச்சொல்லின் இயல்பிலிருந்து வருகிறது. மெய்யியலாளர் ஸீனோ வெண்ட்லர் 1957இல் வெளியிட்ட கட்டுரையில் வினைகளை நான்கு வகையாகப் பிரித்தார். அறிதல் போன்றவை நிலைகள். நடத்தல், ஓடுதல் போன்றவற்றை எந்தக் கணத்தில் நிறுத்தினாலும் அதுவரை செய்தது முழுமையான செயலே. வீடு கட்டுதல், சாலையைக் கடத்தல் போன்றவற்றுக்கு எட்ட வேண்டிய ஒரு முடிவு உண்டு. சிகரத்தைத் தொடுதல் போன்றவை ஒரே கணத்தில் நிகழ்ந்துவிடுபவை. முடிவை நோக்கிய செயலைப் பற்றிப் பேசிக்கொண்டே அதன் முடிவைச் சொல்லாமல் விட 'வாஸ் கிராஸிங்', 'கடந்துகொண்டிருந்தாள்' போன்ற தொடர்வடிவம் இடம் தருகிறது. டேவிட் டௌட்டி என்ற மொழியியலாளர் 1970களில் இதை 'இம்பர்ஃபெக்டிவ் பாரடாக்ஸ்' (முற்றுப்பெறாமையின் முரண்) என்று பெயரிட்டு ஆராய்ந்தார்.

அப்படியானால் 'பாஸ்ட் கண்டினியுவஸ்' எனப்படும் தொடர் இறந்தகாலம் காலத்தை மட்டும் குறிப்பதில்லை. எளிய இறந்தகாலம் நிகழ்வை வெளியே நின்று முழுதாகக் காட்டுகிறது. தொடர் இறந்தகாலம் கேட்பவரை நிகழ்வுக்குள்ளேயே நிறுத்துகிறது. இதன் விளைவைக் கெயிட்லின் ஃபாசி, டீனி மேட்லாக் இருவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. தேர்தலில் நிற்கும் ஒரு கற்பனை அரசியல்வாதி பணம் வாங்கினார் என்று சிலருக்கும், வாங்கிக்கொண்டிருந்தார் என்று வேறு சிலருக்கும் ஆங்கிலத்தில் எழுதித் தந்தார்கள். இரண்டாம் வடிவத்தைப் படித்தவர்கள் அவர் மீண்டும் வெல்லமாட்டார் என்று கூடுதலாக நம்பினார்கள். கைமாறிய தொகையையும் பெரிதாக மதிப்பிட்டார்கள்.

தமிழ் பேசுபவருக்கு இந்த வடிவம் புதிதல்ல. ஆனால் ஆங்கிலத்தில் பேசும்போது இரண்டு இடங்களில் கால் இடறும். "அந்தக் காலத்தில் தினமும் நூலகத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன்" என்று வழக்கத்தையும் நாம் இதே வடிவத்தில் சொல்கிறோம். ஆங்கிலம் அங்கே "ஐ யூஸ்டு டு கோ" என்பதையே நாடும். இன்னொன்று, 'நோ' (அறிதல்), 'பிலாங்' (உரியதாதல்) போன்ற நிலைவினைகள். அவற்றில் தொடர்ந்து நடக்கும் செயல் ஏதும் இல்லாததால் "ஐ வாஸ் நோயிங்" என்பதைப் பொது ஆங்கிலம் ஏற்பதில்லை.

இந்த வடிவத்தைப் பழக வீட்டுப் பேச்சே போதும். இரவுச் சாப்பாட்டின்போது ஒரு கேள்வி கேளுங்கள்: கரண்ட் போனபோது யார் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? "வென் த பவர் வென்ட் ஆஃப், ஐ வாஸ் அயர்னிங் மை ஷர்ட்" என்று ஒருவர் சொல்வார். கரண்ட் போனது கணநேர நிகழ்வு, அதனால் 'வென்ட்'. சட்டை தேய்த்தது அதற்கு முன்பே தொடங்கி நீண்ட செயல், அதனால் 'வாஸ் அயர்னிங்'. வீட்டில் ஒவ்வொருவரும் தன் பதிலைச் சொல்லட்டும். 'வாஸ்', 'வேர்' மாறுவதும் அதிலேயே பழகிவிடும்.

அதோடு நிறுத்தாமல் இரண்டாவது கேள்வியையும் கேளுங்கள்: "டிட் யூ ஃபினிஷ்?" தேய்த்துக்கொண்டிருந்தவர் தேய்த்து முடித்தாரா? "யெஸ், ஐ அயர்ண்டு இட் லேட்டர்" என்று பதில் வரலாம், "நோ" என்றும் வரலாம். எந்தப் பதில் வந்தாலும் முதல் வாக்கியம் உண்மையாகவே இருக்கும். 'வாஸ்' அல்லது 'வேர்', பிறகு 'ஐஎன்ஜி' என்ற சூத்திரத்தை மனப்பாடம் செய்தவருக்கு 'ஐஎன்ஜி' எங்கே ஒட்டும் என்பது தெரியும். இந்த இரண்டு கேள்விகளுக்கும் தயங்காமல் பதில் சொல்லப் பழகியவருக்கு அது எதற்காக இருக்கிறது என்பதும் தெரியும்.