கணக்கும் கழனியும் – 11: மதகுக்கு யார் சேதி சொல்வது?

சென்ற வாரம் மேட்டூர் அணையின் கதவுகளோடு நிறுத்தியிருந்தோம். இந்த வாரம் ஆற்றோடு சீர்காழி வரை இறங்கலாம். நடுவே துவாக்குடியில் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது.

2016 பிப்ரவரி 1 முதல் 5 வரை துவாக்குடியில் உள்ள திருச்சி என்.ஐ.டி.யில் ஒரு பன்னாட்டு மாநாடு நடந்தது. கட்டுப்பாட்டுப் பொறியியல் பற்றியது. ஐஃபேக் என்னும் உலகக் கூட்டமைப்பின் பெயரால் இரண்டாண்டுக்கு ஒருமுறை இந்தியாவில் கூடுவது. முந்தையது கான்பூரில் நடந்தது. 2020-ல் சென்னை ஐ.ஐ.டி.க்கு வந்தது. இம்மாதிரி மாநாடுகளில் ராக்கெட், ரோபோ, மின்கட்டமைப்பு என்றுதான் பெரும்பாலும் பேச்சு ஓடும். அதில் தப்பில்லை. ஆனால் துவாக்குடிக்குப் பக்கத்திலேயே கல்லணை இருக்கிறது. இந்தத் துறைக்குப் பாடம் நடத்த அதைவிடத் தோதான இடம் நாட்டில் வேறெங்கே கிடைக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. மேட்டூரை ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம் என்பதால், பிப்ரவரி முதல் வாரத்தில் வருகிற வெளியூர் விருந்தாளிக்குக் காவிரியில் மணலைத்தான் காட்ட முடியும் என்பது வேறு விஷயம்.

துறையின் அடிப்படை எளியது. இருப்பதை அளக்க வேண்டும். வேண்டியதோடு ஒப்பிட வேண்டும். வித்தியாசத்துக்குத் தக்கபடி கதவைத் திருப்பிவிட்டு மறுபடி அளக்க வேண்டும். ஏ.சி. இயந்திரம் முதல் அணுமின் நிலையம் வரை இதுதான். கதவைத் திருப்பிய பலன் கண்ணுக்குத் தெரிய நாளாகும் என்றால்தான் தலைவலி ஆரம்பம்.

காவிரியில் அந்தத் தலைவலிக்குப் பஞ்சமில்லை. 2022-ல் மேட்டூரை மே 24-ம் தேதியே திறந்தார்கள். கல்லணையைத் திறந்தது மே 27-ம் தேதி. அங்கிருந்து சீர்காழிக்கு வந்து வயலேற மேலும் பல நாள். வாய்க்கால் காய்ந்து கிடந்தால் மண் குடித்தது போகத்தான் மீதி. இங்கே நாற்று வாடுகிறது என்று குரல் எழும்பி, மேலே கூடுதலாகத் திறந்துவிட்டார்கள் என்று வையுங்கள். அந்தத் தண்ணீர் வந்து சேரும் நாளில் இங்கே மழை பிடித்துக்கொண்டிருக்கலாம். உடனே மேலே குறைப்பார்கள். வழியில் வந்துகொண்டிருக்கும் தண்ணீரைத் திரும்பிப் போ என்று சொல்ல முடியுமா? குறைத்ததன் பலன் இங்கே தெரியும்போது மழை ஓய்ந்து, கதிர் பால் பிடிக்கத் தண்ணீர் தேடும். ஒவ்வொரு முடிவும் அன்றைக்குச் சரிதான். வந்து சேர்வதற்குள் தப்பாகிவிடுகிறது.

இந்தத் தாமதத்தைச் சமாளிக்க 1957-ல் ஓட்டோ ஸ்மித் என்ற அமெரிக்கப் பொறியாளர் ஒரு வழி சொன்னார். அமைப்பின் மாதிரி ஒன்றைக் கணக்கிலே ஓடவிட்டு, இன்று திறந்தால் பின்னால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே பார்த்து அதற்கேற்பத் திருப்புவது. ஐஃபேக் பிறந்ததும் அதே ஆண்டுதான். அதன் முதல் மாநாடு 1960-ல் மாஸ்கோவில் கூடியது. ருடால்ஃப் கால்மன் அங்கே முன்வைத்தவற்றில் ஒரு கேள்வி இன்றைக்கும் துறையின் முதுகெலும்பு: வெளியே தெரிகிற அளவுகளை மட்டும் வைத்து, உள்ளே நடப்பதை முழுதும் கண்டுபிடிக்க முடியுமா? முடியாதென்றால் எவ்வளவு பெரிய கம்ப்யூட்டர் வைத்தும் பயனில்லை.

அந்தக் கேள்வியோடு கொள்ளிடக் கரைக்கு வாருங்கள். தெற்கு ராஜன் வாய்க்கால், மண்ணியாறு, கழுமலையாறு என்று சீர்காழி வட்டாரத்துக்குத் தண்ணீர் கொண்டுவருகிற வழிகள் பல. அவற்றிலிருந்து கிளைக்கும் சி, டி வகைச் சிறு வாய்க்கால்களின் தலைப்பில் ஒரு மதகைப் பாருங்கள். துருவேறிய திருகுத் தண்டு, அதில் கறுத்துக் காய்ந்த கிரீஸ், ராத்திரியில் யாரும் திருகிவிடக் கூடாதென்று ஒரு சங்கிலியும் பூட்டும். ஷட்டரின் அடியில் கசிவை அடைக்க வைக்கோலும் சாக்கும். சாவி மதகைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கரிடம். அவருக்கு இதுபோல் இன்னும் எத்தனையோ மதகு. பக்கச் சுவரில் எப்போதோ வரைந்த அடிக்கணக்கு இருக்கும். பாசி படிந்து கீழ்ப்பகுதி படிக்க வராது. படித்துப் பார்த்து எழுதி வைக்கிற ஆளும் அநேக இடங்களில் இல்லை.

கர்நாடக எல்லையில் இருக்கும் பிலிகுண்டுலுவில் நிலைமையே வேறு. கர்நாடகம் தரவேண்டியது ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16-ல் தீர்ப்பளித்தது. புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் வரை கணக்கு! மத்திய நீர்வள ஆணையம் அங்கே அளக்கிறது. ஒரு கன அடி குறைந்தாலும் டெல்லி வரை போய் வாதாடுகிறோம். வாதாடத்தான் வேண்டும். அந்தத் தண்ணீர் எல்லை தாண்டி வந்தபின் கடைசி வயலுக்கு எவ்வளவு போனது என்று கேட்டால் நம்மிடம் கணக்கு இல்லை. கடைமடையிலிருந்து மேலே போகிற ஒரே சேதி சாலை மறியல். அது கிளம்பும்போது நாற்று காய்ந்து முடிந்திருக்கும்.

தண்ணீர் வராத கதை இது. மிஞ்சிப்போன கதையும் சீர்காழிக்கு உண்டு. 2022 நவம்பர் 11-ம் தேதி பிடித்த மழை மறுநாள் காலைக்குள் 44 சென்டிமீட்டர் கொட்டியது. இந்தத் தண்ணீர் உப்பனாறு வழியாகத் திருமுல்லைவாசலில் கடலேற வேண்டும். கடல் பொங்கியிருக்கும் வேளையில் அது வாங்கிக்கொள்ளாது. கோடையிலோ உப்புநீர் எதிரேறி உள்ளே வரும். ஆக, கடைமடைக் கதவணை ஒரு பக்கம் வெள்ளத்தை வெளியே விட வேண்டும், மறுபக்கம் கடலைத் தடுக்க வேண்டும். வாய்க்கால் மட்டம், ஓதம், மழை மூன்றையும் சேர்த்துப் பார்த்துத் திறக்க வேண்டிய கதவு அது. தானியங்கி ஏற்பாடு எங்கேயாவது ஒரே ஒரு இடத்தில்தான் வைக்க முடியும் என்றால், நான் இங்கேதான் வைப்பேன்.

மற்ற ஊர்களில் செய்து பார்த்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் பல்கலைக்கழகமும் ரூபிகான் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய முறையில், கீழ்மதகின் தேவை ரேடியோ வழியாக மேல்மதகுக்குப் போகிறது. அது கேட்டுத் திறக்கிறது. கிருஷ்ணா பாசனத்தில் கர்நாடகத்தின் நாராயணபுரம் இடதுகரைக் கால்வாயைப் புதுப்பித்து, மதகுகளைத் தொலைவிலிருந்தே இயக்க ஏற்பாடு செய்து, 2023 ஜனவரியில் தொடங்கிவைத்தார்கள்.

அதை அப்படியே காவிரிக்குக் கொண்டுவா என்று நான் சொல்ல மாட்டேன். நம் வாய்க்காலில் ஆகாயத்தாமரை வந்து அடைத்தால் எந்த மோட்டாரும் திணறும். சோலார் தகடு எத்தனை நாள் கம்பத்தில் நிற்கும் என்பதும் சந்தேகம். டெல்டாவின் கிளைப்பும் வேறு, ஒரு கால்வாய் அல்ல இது. மோட்டாருக்கு முன் அளவுகோல் வேண்டும். மட்டம் காட்டும் சின்னக் கருவி வைத்தாலும் சரி, லஸ்கர் காலையில் பார்த்துப் போனில் அனுப்பினாலும் சரி, கடைமடை மதகுகளின் மட்டம் அன்றன்று கல்லணைக்குப் போக வேண்டும். கால்மனின் கேள்விக்கு அதன்பிறகுதான் விடை தேட முடியும். லஸ்கர் காலியிடங்களை நிரப்புவதும் கட்டுப்பாட்டுப் பொறியியலில் சேர்த்திதான்.

மயிலாடுதுறை கலெக்டர் ஆபீசில் அடுத்த விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்குப் போகிறவர்கள், தூர் வாரும் மனுவோடு இன்னொரு மனுவும் எழுதிக் கொடுங்கள்: எங்கள் வாய்க்கால் தலைப்பில் அளவுகோல் வையுங்கள், தினசரி மட்டத்தை ஊர் பார்க்கும்படி எழுதிப் போடுங்கள்.

(தொடரும்)