வெள்ளத்துக்கு முன் ஒரு பிரதி

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அண்டியுள்ள கோவிலம்பாக்கம் போன்ற ஊர்களில் கார்த்திகை மழை வலுத்துவிட்டால், உயரத்தில் ஏற்றி வைக்க வேண்டிய பொருள்களின் வரிசையில், வீட்டுப் பத்திரங்களோடும் அரிசி மூட்டையோடும் இன்று டெஸ்க்டாப் கணினியும் சேர்ந்துவிட்டது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்ததையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணைச் சுற்றுவட்டாரம் மறுபடியும் நீரில் நின்றதையும் இப்பகுதி வாசிகள் மறந்திருக்கமாட்டார்கள். மேஜைக்குக் கீழே தரையில் வைத்திருக்கும் கேபினெட்டுக்குள் வெள்ளம் புகுந்தால், காலமான தாயாரின் குரற்பதிவும், சிறு வியாபாரியின் பல வருஷத்துக் கணக்கும் அதோடு போய்விடக்கூடும். ஆகையால் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் பிரதி எடுத்து மேல்மாடியிலோ உறவினர் வீட்டிலோ வைப்பது அவசியம் என்பதை எவரும் மறுப்பதில்லை. எனினும் பலர் அதை நாளைக்கு நாளை தள்ளிப்போடுகிறார்கள். அதற்கு அசட்டை மட்டும் காரணமன்று, பழைய இணைப்பின் மந்த கதியும் ஒரு காரணம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

2010-ஐ ஒட்டி வாங்கப்பெற்று இன்றும் உழைத்துக்கொண்டிருக்கும் டெஸ்க்டாப்களில் பெரும்பாலும் இருப்பது, 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த யு.எஸ்.பி. 2.0 இணைப்பே. விநாடிக்கு 480 மெகாபிட், அதாவது 60 மெகாபைட், என்பது ஏட்டில் கண்ட வேகம். நடைமுறையில் சுமார் 30 முதல் 35 மெகாபைட்தான் தேறும். அந்தக் கதியில் 500 ஜிகாபைட் பிரதியாவதற்கு நாலு மணி நேரத்துக்கு மேலாகிறது. டிஸ்க்கோ விநாடிக்கு 100 மெகாபைட்டுக்கு மேல் எழுதும் வல்லமை உடையது. துரைப்பாக்கம்–பல்லாவரம் 200 அடிச் சாலையில் விரைந்து வந்த வண்டிகள் கோவிலம்பாக்கத்தின் உள்தெருவொன்றில் திரும்பியதும் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்வதைப்போல, டிஸ்க்கின் சக்தி முழுவதும் அந்தக் குறுகிய இணைப்பின் வாயிலில் காத்து நிற்கிறது.

இந்தக் குறுகலுக்காக யு.எஸ்.பி.யை வகுத்தவர்களைக் குறை கூறுவது நியாயமாகாது. பரோடாவின் மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் பயின்று, பின்னர் இன்டெல் நிறுவனத்தில் பணியாற்றிய அஜய் பட் முதலிய பொறியாளர்கள், கீபோர்டுக்கு ஒன்று, பிரிண்டருக்கு ஒன்று என வெவ்வேறு துளைகளோடு மல்லாடிய சாமானிய மனிதனுக்காக ஒரே வகையான செருகியை உருவாக்க முனைந்தபோது, 1996-ல் வெளியான முதல் பதிப்புக்கு விநாடிக்கு 12 மெகாபிட் போதுமானதாகவே இருந்தது. போவதும் வருவதும் ஒரே ஜோடிக் கம்பியில் மாறி மாறி நிகழ்ந்த அவ்வமைப்பை, 2008 நவம்பரில் வந்த யு.எஸ்.பி. 3.0 அடியோடு மாற்றியது: பழைய நான்கு கம்பிகளோடு ஐந்து புதிய கம்பிகள் சேர்ந்து, போக ஒரு ஜோடியும் வர ஒரு ஜோடியும் தனித்தனியே ஏற்பட்டன. வேகம் 5 ஜிகாபிட்டாயிற்று.

இனி, பழைய யந்திரத்தைக் கழித்துவிட வேண்டுமா? வேண்டியதில்லை. டெஸ்க்டாப்பின் விசேஷமே, அதன் மதர்போர்டில் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் என்னும் ஸ்லாட்கள் பின்னால் வரப்போவதற்காகக் காலியாக விடப்பட்டிருப்பதுதான். சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் யு.எஸ்.பி. 3.0 கார்டு ஒன்றை வாங்கி, மின்சாரத்தை அறவே துண்டித்து, பின்பக்கத் தகட்டைக் கழற்றி, சிறிய ஸ்லாட்டில் அழுத்திப் பொருத்தி ஒரு திருகாணியால் முடுக்கினால் வேலை பெரும்பாலும் முடிந்தது. ஆனால் அந்த ஸ்லாட் எந்தத் தலைமுறையைச் சேர்ந்தது என்பதை முதலில் விசாரிக்க வேண்டும். முதல் தலைமுறையின் ஒற்றைத் தடம் விநாடிக்கு 250 மெகாபைட்டையே ஏட்டளவில் தாங்கும். இரண்டாம் தலைமுறையில் அது 500 ஆகிறது. சுழலும் டிஸ்க்குக்கு முதலாவதே தாராளம். விநாடிக்கு ஏறத்தாழ 550 மெகாபைட் வரை படிக்கவல்ல சாட்டா வகை எஸ்.எஸ்.டி.க்கு இரண்டாவதும் சற்றே நெருக்கடிதான்.

கடைக்காரர்கள் அதிகம் பேசாத வேறொரு விஷயம், கட்டளைகள் செல்லும் முறை. பழைய முறையில் ஒரு கட்டளை பூர்த்தியாகும் வரை அடுத்தது புறப்படாது, யு.ஏ.எஸ்.பி. என்னும் புதிய முறையில் பல கட்டளைகள் ஏககாலத்தில் நிலுவையில் இருக்கலாம். ஆயிரக்கணக்கான சிறு புகைப்படங்களை எஸ்.எஸ்.டி.யில் பிரதி செய்யும்போது இதன் பிரயோஜனம் நன்றாகத் தெரியும். ஆனால் கார்டு, டிஸ்க்கின் உறை, ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஆகிய மூன்றும் அதற்கு இசைய வேண்டும். லினக்ஸில் யு.எஸ்.பி. 3.0-க்கான ஆதரவு 2009-லேயே வந்துவிட்டது. விண்டோஸ் 8 முதல் அது உள்ளடங்கியே வருகிறது. விண்டோஸ் 7 வைத்திருப்பவர்கள் தனியே டிரைவரை நிறுவியாக வேண்டும்.

மின்சக்தியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பழைய துளை 500 மில்லியாம்பியர் தரக் கடமைப்பட்டது, புதியது 900. நான்கு துளை கொண்ட கார்டு அவ்வளவையும் சிறிய ஸ்லாட்டிலிருந்து மட்டும் பெறுவது கஷ்டமாதலால், பல கார்டுகளில் எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து நேரே ஒயர் செருகுவதற்கு இடம் வைத்திருப்பார்கள். அதைச் செருகாமல் விட்டால், வெளி டிஸ்க் சுழலத் தொடங்கிப் பாதியில் ஓய்ந்து, எழுதிக்கொண்டிருந்த கோப்பைச் சிதைத்துவிடக்கூடும். கேபிளும் ஒன்பது கம்பிகள் கொண்ட புதிய வகையாக இருத்தல் வேண்டும். பழையதைச் செருகினாலும் டிஸ்க் வேலை செய்யும் என்பதனால், மறுபடியும் அந்த 30 மெகாபைட் வேகத்திலேயே பிரதி நடந்துகொண்டிருப்பதை நெடுநாள் கவனியாமலே இருந்துவிட இடமுண்டு.