யாரும் சொந்தம் கொண்டாடாத சர்வர்

2015 மே 1 முதல் 2018 ஜூலை 4 வரை சிங்கப்பூரின் தெம்பனிஸ் பலதுறை மருந்தகத்துக்குச் சளிக்கோ சர்க்கரைக்கோ போய் வந்தவர்களின் பெயர், அடையாள அட்டை எண், முகவரி, பிறந்த தேதி எல்லாம் களவு போயிருக்கலாம். அந்த மருந்தகத்தை நடத்தும் சிங்ஹெல்த் மருத்துவக் குழுமத்திலிருந்து இணையத் தாக்குதலில் அப்படிப் பறிபோனவை 1.5 மில்லியன் பேரின் விவரங்கள். அவர்களில் 160,000 பேர் வாங்கிய மருந்துகளின் பட்டியலும் சேர்ந்து போனது. அன்றைய பிரதமர் லீ சியன் லூங்கும் அவர்களில் ஒருவர்.

அந்தக் களவை ஆராய்ந்த விசாரணைக் குழுவின் அறிக்கை 2019 ஜனவரியில் வந்தது. சர்வர் பார்க்கும் ஒவ்வொருவரும் அதைப் படிக்க வேண்டும். தாக்கியவர்கள் கைதேர்ந்தவர்கள்தான். ஆனால் அவர்கள் நடந்து போன வழி, பல அலுவலகங்களில் இன்றும் திறந்தே கிடக்கிறது.

நோயாளிகளின் தரவுத்தளம் 2017-இல் புதிய மேகத் தரவு மையத்துக்கு மாறிவிட்டது. சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையிலிருந்த பழைய சிட்ரிக்ஸ் சர்வர்களுக்கும் அதற்கும் இடையிலான இணைப்பை மட்டும் யாரும் துண்டிக்கவில்லை. தேவையில்லாத அந்த இணைப்பு வழியாகத்தான் களவு நடந்தது. சிட்ரிக்ஸ் சர்வர் ஒன்றின் உள்ளூர் நிர்வாகிக் கணக்குக்கு என்ன கடவுச்சொல் தெரியுமா? 'பாஸ்வேர்ட்' என்ற ஆங்கிலச் சொல்லேதான். ஏ-க்குப் பதில் @, ஓ-க்குப் பதில் பூஜ்ஜியம், அவ்வளவே.

விண்டோஸும் லினக்ஸும் கலந்து ஓடும் இடங்களில், இப்படி யாரும் கவனிக்காமல் விட்டுவிடும் ஆபத்து இரட்டிப்பு. விண்டோஸ் குழுவிடம் ஒரு பட்டியல், லினக்ஸ் குழுவிடம் ஒன்று, நெட்வொர்க் குழுவிடம் இன்னொன்று இருக்கும். மூன்றிலும் இல்லாத சர்வர்தான் மாட்டிவிடும். ஆகவே எந்தக் கருவியை வாங்குவது என்று யோசிக்குமுன், எந்தச் சர்வர் எதனோடு எதற்காகப் பேசுகிறது, அதற்குப் பொறுப்பு யார் என்று எழுதி வைக்க வேண்டும்.

அதன் பிறகு ஆன்சிபிள் என்ற கருவி கைகொடுக்கும். லினக்ஸ் கணினி ஒன்றில் அதை நிறுவினால் போதும். லினக்ஸ் சர்வர்களுக்கு எஸ்எஸ்எச் வழியாகவும் விண்டோஸுக்கு வின்ஆர்எம் வழியாகவும் போகும். அந்தப் பக்கம் தனி ஏஜென்ட் எதுவும் வேண்டாம். இரு பக்கத்து உள்ளூர்க் கணக்குகளையும் ஒரே பிளேபுக்கில் திரட்டிவிடலாம். விண்டோஸின் உள்ளூர் நிர்வாகிக் கடவுச்சொல்லுக்கு மைக்ரோசாஃப்டின் 'லேப்ஸ்' இருக்கிறது. ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனிக் கடவுச்சொல்லை உருவாக்கி, தானே மாற்றிக்கொண்டும் இருக்கும். லினக்ஸில் கடவுச்சொல் நுழைவை அடைத்துவிட்டு எஸ்எஸ்எச் சாவி மட்டும் வையுங்கள்.

கடிகாரத்தையும் மறக்காதீர்கள். ஆக்டிவ் டைரக்டரியில் சேர்ந்த லினக்ஸ் சர்வரின் நேரம் ஐந்து நிமிடத்துக்கு மேல் பிசகினால், கெர்பரோஸ் உள்ளே விடாது. அதைவிட மோசம், இரு பக்கத்து லாக்குகளையும் அடுக்கிப் பார்க்கும்போது எது முன், எது பின் என்றே தெரியாமல் போவது.

சிங்ஹெல்த் களவைக் கண்டுபிடித்தது விலையுயர்ந்த கருவி எதுவுமில்லை. அதன் கணினிப் பணிகளைக் கவனித்த ஐஎச்ஐஎஸ் நிறுவனத்தின் தரவுத்தள நிர்வாகிகள், 2018 ஜூலை 4 அன்று வழக்கத்துக்கு மாறான வினவல்களைக் கவனித்தார்கள். உடனே அவற்றை நிறுத்தினார்கள். அதே வகை மறுபடி வந்தால் தானே வெட்டிவிடும் ஸ்கிரிப்ட் ஒன்றையும் எழுதினார்கள். அன்றைக்குப் பிறகு நோயாளி எவருடைய விவரமும் வெளியே போகவில்லை.

(தொடரும்)