இடமில்லை என்ற விடை

நீலகிரியில் மழைக்குப் பின் கொழுந்து மிகும் காலம் ஒன்றில், குன்னூரில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையைக் காணச் சென்றிருந்தேன். இலையை வாடவைக்கும் தொட்டிகள் யாவும் நிறைந்திருந்தன. வாயிலிலோ மேலும் ஒரு லாரி வந்து நின்றது. கொழுந்தைக் குவித்து வைத்தால் சூடேறிக் கெட்டுவிடும். மேற்பார்வையாளர் பதறவில்லை. வாடி முடிந்த தொட்டியொன்றைக் காலி செய்வித்தார். இனி இன்று பறிக்க வேண்டாம் எனத் தோட்டத்திற்குச் சொல்லியனுப்பினார்.

கணிப்பொறிக்கும் இந்நெருக்கடி உண்டு. அதன் நினைவகத்தைப் பங்கிட்டுத் தருவது, இயக்க முறைமையின் உட்கருவாகிய கெர்னல். சாதாரண நிரல் ஒன்று இடமின்றி வீழ்ந்தால், அது மட்டுமே வீழும். கெர்னல் வீழ்ந்தாலோ இயந்திரம் முழுவதும் நின்றுபோகும்.

லினக்ஸ் கெர்னலை எடுத்துக்கொள்வோம். இடம் குறைந்தால், உடனடித் தேவையற்ற பகுதிகளை அது முதலில் விடுவித்துப் பார்க்கும். அப்போதும் இடமில்லையேல், கேட்ட பகுதிக்கு முகவரியற்ற வெற்றுச் சுட்டியே விடையாகக் கிடைக்கும். அவ்விடையைச் சோதித்தறிவது முதற்கடமை. நான்கு பொருள்களுக்கு இடம் பெற்று ஐந்தாவதற்குக் கிடைக்காவிடில், பெற்ற நான்கையும் தலைகீழ் வரிசையில் திருப்பியளிப்பது இரண்டாவது. அழைத்தவருக்குத் தோல்வியை உள்ளபடி தெரிவிப்பது மூன்றாவது. தட்ட முடியாத பணிகளுக்கெனச் சிறிது இடத்தை முன்னரே சேமித்து வைப்பதும் உண்டு.

இதன் அருமையை 1969 ஜூலை 20 அன்று உலகம் கண்டது. அப்பல்லோ 11 சந்திரனில் இறங்குகையில், கணிப்பொறி 1202, 1201 என்ற எச்சரிக்கை எண்களைக் காட்டியது. அதன் அழித்தெழுதும் நினைவகம் 2048 சொற்களே. அப்போது தேவைப்படாத ரேடார் ஒன்றின் குறிப்புகள் நேரத்தை விழுங்க, முடியாத பணிகள் குவிந்தன. புதிய பணிக்கு இடமில்லை. கணிப்பொறியோ செயலற்றுப் போகவில்லை. தன்னைத் தானே மீளத் தொடங்கி, இறங்குதலுக்கு இன்றியமையாத பணிகளை மட்டும் தொடர்ந்தது. கலம் நலமாக இறங்கியது.

நீங்கள் நிரல் எழுதுங்கால், இடமில்லாத நிலையை வேண்டுமென்றே உண்டாக்கிச் சோதியுங்கள். லினக்ஸ் அறிஞரும் அவ்வாறே செய்கின்றனர். தொட்டி நிறைந்த நாளில் என்ன செய்வது என்பதை, லாரி வருமுன்பே எண்ணி வைப்பதல்லவா அறிவுடைமை?