பறந்தால்தான் கூலியா?

கனடா நாட்டு விமான நிலையம். பயணிகள் ஏறுகிறார்கள். முதியவருக்கு இருக்கை காட்டுகிறார் பணிப்பெண். பெட்டிகளை ஒழுங்காக வைக்கச் செய்கிறார். பாதுகாப்புச் சாதனங்களைச் சோதிக்கிறார். இவ்வளவும் வேலைதானே? "இல்லை" என்றது கம்பெனியின் கணக்கேடு! விமானம் நகர்ந்தால்தான் கூலி. அது நிற்கும்வரை செய்வதெல்லாம் இனாம்!

இந்த அநீதியை எதிர்த்துத்தான் ஏர் கனடாவின் பணியாளர்கள், பத்தாயிரம் பேருக்கு மேல், கிளர்ந்தெழுந்தார்கள். ஆத்திரப்பட்டா? அல்ல! மாதக்கணக்கில் பேசினார்கள். சமரச முயற்சிக்கு உடன்பட்டார்கள். சட்டம் விதித்த 21 நாள் பொறுத்தார்கள். வாக்கெடுத்தார்கள், 99.7 விழுக்காட்டினர் வேலைநிறுத்தத்துக்கு ஒப்பினர். 72 மணி நேர முன்னறிவிப்பும் தந்து, 2025 ஆகஸ்ட் 16 அன்று வேலையை நிறுத்தினார்கள்.

பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. தொழிற்சட்டத்தின் 107ஆம் பிரிவை எடுத்து நீட்டினார் அமைச்சர். தொழில் அமைதிக்குத் தேவையெனத் தாம் கருதுவதைச் செய்யும்படி, தொழிலுறவு வாரியத்துக்கு அமைச்சர் கட்டளையிட இடந்தரும் பிரிவு அது. நாடாளுமன்றத்தில் விவாதமில்லை; வாக்கெடுப்பில்லை. "வேலைக்குத் திரும்புக" என்றது வாரியம். 2024இல் இரயில், துறைமுக, அஞ்சல் தொழிலாளர் மீது பாய்ந்ததும் இதே பிரிவுதான்!

நாம் கேட்கிறோம்: வேலைநிறுத்தம் உன் உரிமை என்று ஒரு கையால் எழுதிக் கொடுத்து, அதைப் பயன்படுத்தும் நாளில் மறு கையால் பிடுங்கினால், அதற்குப் பெயர் உரிமையா? கடைசியில் அமைச்சர் கைகொடுப்பார் என்று தெரிந்தால், எந்த முதலாளி இறங்கி வந்து பேசுவான்?

நாளொன்றுக்குச் சுமார் 1,30,000 பயணிகள் தவித்தார்கள், மறுக்கவில்லை. அந்தத் தவிப்பைத் தீர்க்க, ஒரு தரப்பின் கையில் மட்டும் விலங்கிடுவதுதான் நீதியா?

தொழிலாளர் திரும்பவில்லை. "சட்டவிரோதம்" என்று 18ஆம் நாள் அறிவித்தது வாரியம். சிறை சென்றாலும் சரி என்றார் சங்கத் தலைவர். 19ஆம் நாள் அதிகாலை உடன்பாடு பிறந்தது! தரையில் செய்யும் வேலைக்கும் கூலி உண்டு என்றாயிற்று. மாதக்கணக்கில் முடியாதது, மூன்றே நாளில் முடிந்தது!

முழு வெற்றியா? இல்லை. ஊதிய உயர்வு போதாதென்று 99.1 விழுக்காட்டினர் பின்னர் மறுத்தும், உடன்பாட்டின்படி மீண்டும் வேலைநிறுத்தம் செய்ய வழியில்லை; அது நடுவரிடம் போகவேண்டியதாயிற்று.

தோழர்களே! சட்டத்தில் நமக்கு உரிமை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. அதைப் பறிக்கும் பிரிவு எந்தப் பக்கத்தில் பதுங்கியிருக்கிறது என்பதையும் புரட்டிப் பாருங்கள்!