துருத்தியை இழுக்கும் கை

ஹாலந்து தேசத்து யூட்ரெக்ட் நகரின் பல்கலைக்கழக வைத்தியசாலையில், பைபாஸ் அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்டுக் காத்திருந்தவர்களில், அறுவைக்குப் பிறகு நுரையீரலில் கோளாறு நேரக்கூடும் என்று வைத்தியர்கள் அஞ்சிய 279 பேரை, 2002-ஆம் ஆண்டு தொடங்கி மூன்று வருஷ காலத்தில் தேர்ந்தெடுத்து, திருவுளச்சீட்டுப் போடுவதுபோல் பாரபட்சமின்றி இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான கவனிப்பு. மற்றப் பிரிவினருக்கு அதோடு கூட, அறுவைக்கு முன் குறைந்தது இரண்டு வாரம், தினந்தோறும் இருபது நிமிஷம், கையடக்கமான ஒரு குழாயை வாயில் பொருத்திக்கொண்டு, அதற்குள் இருக்கும் தடையை வென்று மூச்சை உள்ளே இழுக்கும் அப்பியாசம். 2006-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் முடிவு வெளியாயிற்று. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 35 பேருக்கு அறுவைக்குப்பின் நுரையீரல் தொந்தரவு கண்டது. மூச்சிழுத்துப் பழகியவர்களில் நூற்றுக்கு 18 பேருக்கே கண்டது. நிமோனியா ஒரு பிரிவில் நூற்றுக்கு 16 பேரைப் பிடித்தது. மற்றதில் ஆறு ஏழு பேரோடு நின்றுவிட்டது.

அறுக்கப்படப் போவது மார்பு, பழுதுபட்டிருப்பது இருதயம், அப்படியிருக்க, முன்கூட்டியே மூச்சை இழுத்துப் பழகியது எவ்விதம் இத்தனை பேரைக் காப்பாற்றிற்று என்ற கேள்விக்கு விடை காண வேண்டுமானால், மூச்சு விடுவது யார் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். நுரையீரல் என்றுதான் எல்லோரும் சொல்லுவோம். ஆனால் நுரையீரலுக்குத் தானாக விரியும் சக்தி கிடையாது. கொல்லனுடைய உலைக்களத்துத் துருத்தியைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். துருத்தியின் தோல் எத்தனை உயர்ந்ததாக இருந்தாலும், அதை இழுக்கும் கை சோர்ந்துவிட்டால் உலையில் காற்றுச் சேராது. நுரையீரல் அந்தத் தோல். அதை இழுக்கும் கை, நெஞ்சுக்கூட்டைச் சூழ்ந்தும் அதற்கு அடியிலும் இருக்கிற தசைகள். மூச்சு வாங்குகிறது என்று வருகிறவரிடம் தோலை எத்தனையோ விதமாகப் பரிசோதித்துப் பார்க்கிறோம்; கையைப் பற்றி விசாரிப்பது இன்றும் அபூர்வமாகவே இருக்கிறது.

அந்தக் கையில் பிரதானமானது உதரவிதானம். நெஞ்சையும் வயிற்றையும் பிரித்துக்கொண்டு, கவிழ்த்த கிண்ணம் போல் மேல்நோக்கிக் குவிந்திருக்கும் இந்த மெல்லிய தசைத் தகடு சுருங்கும்போது, குவிவு தணிந்து கீழே இறங்குகிறது. அமைதியாக மூச்சு விடுகையில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர், ஆழ்ந்து இழுக்கையில் அதைப்போலப் பல மடங்கு. கீழே உள்ள குடல்களும் ஈரலும் முன்புறம் தள்ளப்படுவதால்தான் தூங்கும் குழந்தையின் வயிறு ஏறி இறங்குகிறது. விலா எலும்புகளுக்கிடையே உள்ள தசைகள், வாளியின் கைப்பிடியைத் தூக்குவதுபோல் விலாக்களைப் பக்கவாட்டில் உயர்த்துகின்றன. மூச்சை வெளியே விடுவதற்கு, சும்மா இருக்கும் வேளையில், பிரயாசையே வேண்டியதில்லை. இழுத்த ரப்பர் தன் நிலைக்குத் திரும்புவதுபோல் நுரையீரல் தானே சுருங்கிக்கொள்ளும். ஆகவே நாள் முழுவதும் உழைப்பது உள்மூச்சின் தசைகளே. ஒரு நாளைக்கு மனிதன் விடும் மூச்சு 21,600 என்று நம் முன்னோர் கணக்கிட்டதும், சிதம்பரத்துப் பொன்னோடுகளின் எண்ணிக்கைக்கு அதையே காரணமாகச் சொல்லுவதும் பலருக்குத் தெரிந்திருக்கும். நிமிஷத்துக்கு 15 என்று பெருக்கினால் அந்த எண்ணே வருகிறது. நிமிஷத்துக்கு 12 முதல் 20 வரை என்று இன்றைய வைத்திய சாஸ்திரம் வகுத்திருக்கும் எல்லைக்கு அது நடுவே நிற்கிறது. பிறந்தது முதல் ஒரு நாளாவது ஓய்வு பெறாமல் இவ்வளவு வேலை செய்யும் தசை, இருதயத்தைத் தவிர்த்தால், சரீரத்தில் வேறெது உண்டு?

இவ்வளவு வேலை செய்யும் தசைக்குத் தனியாக ஒரு பயிற்சி எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பாரமில்லாத வேலை எத்தனை ஆயிரம் தடவை செய்தாலும் பலத்தை வளர்ப்பதில்லை என்பதே இதற்குப் பதில். தினமும் நாற்காலியில் உட்கார்ந்து பேனா பிடித்து எழுதுகிறவனுக்குக் கர்லா சுற்றுகிறவனுடைய புஜம் வந்துவிடுவதில்லை. வயது ஏற ஏற இந்தத் தசைகளின் பலம் குறைகிறது. நோயில் படுத்துவிட்டாலோ இன்னும் வேகமாகக் குறைகிறது. எவ்வளவு வேகமாக என்பதைப் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் 2008-இல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சி காட்டிற்று. மூளை இறந்து, உறுப்புத் தானத்துக்காக யந்திர சுவாசத்தில் வைக்கப்பட்டிருந்த சிலருடைய உதரவிதானத்தை நுண்ணிய கூறாக எடுத்துப் பார்த்தபோது, 18 முதல் 69 மணி நேரம் யந்திரமே முழுவதும் மூச்சு விட்டதனால், தசைநார்களின் பருமன் பாதிக்கும் கீழே போயிருந்தது. இரண்டு மூன்று நாள் ஓய்வு! தீவிர சிகிச்சைப் பிரிவில் உயிர் பிழைத்த ஒருவரை யந்திரத்திலிருந்து விடுவிப்பது ஏன் சில சமயம் அத்தனை பாடாக இருக்கிறது என்பதற்கு இதில் ஒரு காரணம் இருக்கிறது.

இப்போது யூட்ரெக்ட் நோயாளிகளிடம் திரும்பலாம். பைபாஸ் சிகிச்சைக்காக மார்பெலும்பு நடுவே பிளக்கப்படுகிறது. மயக்க மருந்தும், பின்னர் வரும் வலியும் சேர்ந்து ஆழ்ந்த மூச்சைத் தடுத்துவிடுகின்றன. ஆழ்ந்த மூச்சு இழுக்காதவனால் பலமாக இருமவும் முடியாது. ஏனெனில் ஒவ்வோர் இருமலுக்கும் முன்னால் ஒரு பெருமூச்சு உள்ளே போயாக வேண்டும். இருமாவிட்டால் சளி தேங்குகிறது. நுரையீரலின் அடிப்பகுதி காற்றின்றிச் சுருங்கி ஒட்டிக்கொள்கிறது. தேங்கிய இடத்தில் கிருமி குடியேறுகிறது. முன்னதாகவே பலம் சேர்த்து வைத்திருந்தவனுக்கு, அறுவை பாதியைப் பறித்துக்கொண்டாலும் இருமுவதற்குப் போதுமானது மிஞ்சியிருக்கிறது. இந்த ஆராய்ச்சியில் நான் மிகவும் போற்றுவது, மருந்துச்செலவோ மகா யந்திரங்களோ இல்லாமல், வீணே கவலையில் கழியும் காத்திருக்கும் நாட்களை அந்த வைத்தியர்கள் பிரயோஜனப்படுத்திக்கொண்ட சாதுரியத்தைத்தான்.

பாரத்தை எப்படி அளப்பது, எப்படிச் சுமத்துவது என்பதையும் சொல்ல வேண்டும். மூச்சையெல்லாம் வெளியே விட்டுவிட்டு, அடைத்த குழாய் ஒன்றை முழுப் பலத்தோடு உறிஞ்சச் சொல்லி, எவ்வளவு உயரத்துக்கு நீரைத் தூக்கக்கூடிய இழுப்பு அது என்று கணக்கிடுகிறார்கள். ஆரோக்கியமான நடுவயது ஆண்மகனிடம் அது ஏறக்குறைய 100 சென்டிமீட்டர், அதாவது இரண்டு முழத்துக்கு மேல். பெண்களிடம் சற்றுக் குறைவு. 60-க்குக் கீழே போனால் பலவீனம் என்று பல ஆராய்ச்சிகளில் கொள்கிறார்கள். பயிற்சிக் கருவிக்குள் வில்சுருள் வைத்த ஒரு கதவு இருக்கிறது. திருகைத் திருப்பி அதை 30 என்று வைத்தால், 30 சென்டிமீட்டர் இழுப்பு வந்தால் ஒழியக் கதவு திறக்காது, காற்று வராது. வெளியே விடுவதற்கு ஒரு தடையும் இல்லை. யூட்ரெக்டில் அவரவர் உச்ச பலத்தில் நூற்றுக்கு 30 பங்கில் ஆரம்பித்து, பழகப் பழக ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆரோக்கியமானவர்களுக்கும் விளையாட்டு வீரர்களுக்கும் பெரும்பாலும் உச்ச பலத்தில் பாதியை வைத்து, காலையில் 30 மூச்சு, மாலையில் 30 மூச்சு என்று சொல்லுகிறார்கள். முதல் நாள் இருபதாவது மூச்சிலேயே கழுத்து நரம்பு புடைத்து, போதும் என்று தோன்றிவிடும். மூச்சுத் தசைகளுக்கும் மற்றத் தசைகளைப் போலவே பாரம் கொடுத்தால் பலம் ஏறும் என்பதை 1976-லேயே ஹார்வர்டில் லீத், பிராட்லி என்ற இருவர் ஐந்து வாரப் பயிற்சியில் நிரூபித்திருக்கிறார்கள். பலப் பயிற்சி பெற்றவர்களின் இழுக்கும் சக்தி நூற்றுக்கு 55 பங்கு உயர்ந்தது. அப்படியும் இந்த உண்மை வைத்தியசாலை வாசலுக்கு வந்து சேர முப்பது வருஷம் பிடித்தது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்துவது என் கடமை என்று நினைக்கிறேன். நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் அறுவை முடிந்தவர் கையில் மூன்று பந்துகள் கொண்ட பிளாஸ்டிக் கருவி ஒன்றைக் கொடுத்து, உறிஞ்சிப் பந்தை மேலே ஏற்றச் சொல்லுகிறார்கள். நல்ல கருவி; வினாடிக்கு 600, 900, 1200 மில்லிலிட்டர் என்று காற்றின் வேகத்தைக் காட்டி, சுருங்கிய நுரையீரலை விரிக்க ஊக்குவிக்கிறது. ஆனால் அது பாரம் தூக்கும் கருவி அன்று. தடையை இவ்வளவு என்று நிர்ணயித்து வாரந்தோறும் ஏற்றுவதற்கு அதில் வழியில்லை. பலூன் ஊதுவதோ வெளிமூச்சின் வேலை. உழைத்துச் சோர்கிற உள்மூச்சுத் தசைக்கு அதில் பயிற்சி சொற்பமே. பிராணாயாமம் மூச்சின் வேகத்தைத் தணிக்கவும் ஒழுங்குபடுத்தவும் மனத்தை அமைதிப்படுத்தவும் வல்லது. அதன் மகிமை வேறு, பாரம் சுமத்திப் பலம் ஏற்றும் இந்த அப்பியாசம் வேறு. ஒன்று மற்றொன்றின் ஸ்தானத்தை எடுத்துக்கொள்ளாது.

வேகமாக நடக்கும்போதும் படியேறும்போதும் கால் கனத்துப்போவது கால் தசையின் குற்றம் என்றே நாம் கொள்கிறோம். அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டெம்ப்ஸி என்பவருடைய ஆராய்ச்சிக்கூடத்தில் 1997-இல் செய்த ஒரு பரீட்சை வேறு கதை சொல்லுகிறது. சைக்கிள் ஓட்டுவதில் தேர்ந்தவர்களை உச்ச வேகத்தில் மிதிக்க வைத்து, ஒரு தடவை யந்திர உதவியால் மூச்சின் பாரத்தைக் குறைத்தும், மற்றொரு தடவை தடை வைத்து அதிகப்படுத்தியும், காலுக்குப் போகும் இரத்தத்தை அளந்தார்கள். மூச்சின் பாரம் குறைந்தபோது காலுக்கு இரத்தம் அதிகம் சென்றது; பாரம் கூடியபோது குறைந்தது. கடும் உழைப்பில் இருதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கை மூச்சுத் தசைகளே வாங்கிக்கொள்கின்றன என்றும் அவர்கள் கணக்கிட்டார்கள். உயிர் தரிப்பதற்கு இன்றியமையாத தசை சோர்ந்தால், சரீரம் காலின் பங்கைக் குறைத்து அதற்குக் கொடுக்கிறது. மூச்சுத் தசை பலப்பட்டால் இந்தப் பறிமுதல் தாமதப்படும். சைக்கிள் வீரர்களும் துடுப்பு வலிப்பவர்களும் சில வாரப் பயிற்சிக்குப் பின் பந்தயத் தூரத்தைச் சற்று விரைவாகக் கடந்ததாகச் சில ஆராய்ச்சிகள் கூறுவதற்கு இதுவே காரணம் என்று கருதப்படுகிறது.

கிராமத்துத் திண்ணையில் இளைப்பு நோய் கண்டவர்கள் உட்கார்ந்திருக்கும் விதத்தை நான் கூர்ந்து கவனித்திருக்கிறேன். இரண்டு கைகளையும் முழங்கால்மேல் ஊன்றி, தோளை உயர்த்தி, முன்புறம் சாய்ந்து, உதட்டைக் குவித்து மூச்சை விடுவார்கள். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. கையை ஊன்றித் தோளை அசையாமல் நிறுத்திக்கொண்டால், கழுத்துத் தசைகள் விலாக்களைத் தூக்க ஒரு பிடிமானம் கிடைக்கிறது என்பதைச் சரீரமே கண்டுபிடித்துக்கொள்கிறது. பீடியோ சிகரெட்டோ, சுருட்டே தொடாத பெண்களுக்கு விறகும் வறட்டியும் எரிந்த அடுப்பங்கரைப் புகையோ நெடுநாள் உள்ளே சென்றதால், காற்று வெளியேற முடியாமல் நெஞ்சுக்குள் தங்கி, நுரையீரல் உப்பிக்கொண்டு, கிண்ணம் போல் இருக்க வேண்டிய உதரவிதானம் தட்டையாகிவிடுகிறது. தட்டையான தசை சுருங்கினாலும் இறங்குவதற்கு இடமில்லை. இவர்களுக்கு இந்தப் பயிற்சி உதவுமா?

இதில் மிகைப்படுத்திச் சொல்ல மனம் ஒப்பவில்லை. வேறு பயிற்சி எதுவும் இல்லாத நிலையில் இதை மட்டும் செய்தவர்களுக்கு இழுக்கும் பலம் கூடி, மூச்சுத் திணறல் ஓரளவு தணிந்திருக்கிறது. ஆனால் நடைப்பயிற்சியும் கைகால் பயிற்சியும் அடங்கிய முழுமையான நுரையீரல் புனர்வாழ்வுச் சிகிச்சை பெறுகிறவர்களுக்கு, அதன்மேல் இதையும் சேர்ப்பதால் நடக்கும் தூரம் மேலும் கூடுவதாகப் பெரிய ஆராய்ச்சிகள் காட்டவில்லை. ஆகவே, நடக்க முடிந்தவர் நடையை விட்டுவிட்டுக் குழாயைப் பிடித்துக்கொள்வது லாபகரமான பேரம் அன்று. நாலடி நடந்தாலே திணறுகிறவருக்கு, நடையைத் தொடங்கவே இது ஒரு முதற்படியாக இருக்கலாம்.

இரத்த அழுத்தத்தைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. கொலராடோ பல்கலைக்கழகத்தின் போல்டர் நகரத்துப் பிரிவில், 50 முதல் 79 வயது வரையுள்ள 36 பேரை வைத்து நடத்தி 2021-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், உச்ச பலத்தில் நூற்றுக்கு 75 பங்கு பாரத்தோடு நாளைக்கு 30 மூச்சு, வாரத்தில் ஆறு நாள், ஆறு வாரம் இழுத்தவர்களின் மேல் அழுத்தம் சராசரி 9 புள்ளி குறைந்தது. முப்பத்தாறு பேர் என்பது சிறிய கூட்டம். இதை நம்பி ஒருவரும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

மூச்சு வாங்குவது ஒரு நோய் அன்று, நோயின் குரல். இரத்த சோகையிலும் வாங்கும், இருதய வால்வு கெட்டாலும் வாங்கும், ஆஸ்துமாவிலும் வாங்கும். என்ன என்று வைத்தியர் பார்த்துச் சொல்லாமல் கடையில் குழாய் வாங்கி இழுப்பது ஆபத்து. அண்மையில் நெஞ்சுக்கூட்டுக்குள் காற்றுக் கசிந்தவர்கள், விலா முறிந்தவர்கள், செவிப்பறை கிழிந்தவர்கள், கட்டுக்கடங்காத ஆஸ்துமா உள்ளவர்கள் இதைத் தொடவே கூடாது. மற்றவர்களும் முதல் சில நாட்கள் பிஸியோதெரபி நிபுணர் முன்னிலையில் பழகுவதே உசிதம். அவசரப்பட்டு வேகவேகமாக இழுத்தால் கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறித் தலை சுற்றும். நாலைந்து வாரத்தில் பலம் ஏறுவது தெரியும். ஏறிய பலத்தைக் காப்பாற்ற, அதன்பின் வாரத்துக்கு இரண்டு நாள் இழுத்தால் போதுமென்று கண்டிருக்கிறார்கள்.

நம் வீடுகளில் அறுவைக்கு நாள் குறித்துவிட்டு வந்தவரைப் படுக்கையிலேயே வைத்து, எழுந்து தண்ணீர் மொண்டு குடிக்கக்கூட விடாமல், அன்போடு கவனித்துக்கொள்கிறார்கள். அந்த இரண்டு மூன்று வாரத்தில் உதரவிதானமும் அவரோடு சேர்ந்து படுத்துக்கொள்கிறது. தேதி குறிக்கும் வைத்தியரிடம், இரத்தம் எத்தனை பாட்டில் வேண்டும், பணம் எவ்வளவு கட்ட வேண்டும் என்று கேட்கிற அதே நேரத்தில், “இவருடைய மூச்சிழுக்கும் பலத்தை அளந்து பார்த்தீர்களா, அதுவரை என்ன பயிற்சி செய்யலாம்?” என்றும் கேட்டுவிட்டு வரலாம்.