தோழியரை எழுப்புவது எதற்கு?

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு மார்கழி என்றால் ஆண்டாளின் திருப்பாவை. நாளுக்கு ஒன்றாக 30 பாசுரங்கள். அவற்றில் 6 முதல் 15 வரை பத்தும் தூங்கும் தோழியரை எழுப்புபவை. 15-ஆம் பாசுரத்தில் உள்ளே படுத்திருப்பவள், எல்லோரும் வந்தாயிற்றா என்கிறாள்; வெளியே நிற்பவர்கள், நீயே வந்து எண்ணிக்கொள் என்கிறார்கள். நோன்பு நோற்கக் கிளம்பிய ஆண்டாள், பாட்டில் மூன்றில் ஒரு பங்கை ஆள் சேர்ப்பதற்கே கொடுத்திருக்கிறாள். தினமும் ஒரே வேளையில் ஒரு செயல், கூடவே துணைக்கு ஆட்கள். மனம் தெம்பாக இருக்க இந்த இரண்டும் எப்படி உதவுகின்றன என்பதை இன்று மூளைக்குள்ளேயே பார்க்க முடிகிறது.

முதலில் பழக்கம். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஆன் கிரேபியல் குழுவினர் எலிகளை 'டி' வடிவப் பாதையில் ஓடவிட்டு, மூளையின் ஆழத்தில் உள்ள ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதியைக் கவனித்தார்கள். 1999-இல் வெளிவந்த முடிவு வியப்பானது. புதிதில் ஓட்டம் முழுக்க அங்குள்ள நரம்பணுக்கள் துடித்தன. வழி பழகியதும் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டுமே துடிப்பு கூடியது, நடுவில் அடங்கிவிட்டது. பல சிறு செயல்களை மூளை ஒன்றாகக் கோத்துவிடுகிறது. இதைத் தொகுப்பாக்கம் எனலாம். பைக் பழகுபவர் கிளட்சையும் கியரையும் நினைத்து நினைத்து இயக்குவார். பழகிய பின் கைகால் தானாக வேலை செய்யும். தினசரி நடைப்பயிற்சியும் அப்படித்தான். தொகுப்பாகிவிட்டால் ஒவ்வொரு நாளும் மனதோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

எத்தனை நாளில் பழகும்? 21 நாள் என்று பலரும் சொல்வார்கள். லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் கவனித்தார்கள். சாப்பிட்டதும் தண்ணீர் குடிப்பது போல, ஒரே சந்தர்ப்பத்தில் ஒரு சிறு செயலைத் தினமும் செய்ய வேண்டும். பழக்கம் பதிய எடுத்த காலத்தின் நடுமதிப்பு 66 நாள். சீக்கிரம் பழகியவருக்கு 18 நாள். மிகத் தாமதமானவருக்குக் கணக்குப்படி 254 நாள். மார்கழி ஒரு மாதம் ஏறக்குறையப் பாதி வழிக்குக் கொண்டுவந்து விடும். இடையில் ஒரு நாள் தவறினாலும் பெரிய நஷ்டமில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது.

மனசு சரியாகட்டும், அப்புறம் செய்கிறேன் என்போம். செயலை முன்னால் வைத்தாலும் மனம் பின்னால் வருகிறது. இதையே மருத்துவமாக்கியது செயலூக்கச் சிகிச்சை: பிடித்த, பயனுள்ள சிறு வேலைகளை நாள் குறித்துச் செய்ய வைப்பது. கோவாவின் 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில் கடும் மனச்சோர்வு உள்ளவர்களுக்கு இதைக் கொடுத்தவர்கள் மனநல மருத்துவர்கள் அல்லர். பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள். 2017-இல் வெளியான முடிவுப்படி, மூன்று மாதத்தில் இவர்களிடம் பேசியவர்களில் 64 விழுக்காட்டினர் மீண்டிருந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 விழுக்காட்டினரே மீண்டிருந்தார்கள்.

அடுத்தது துணை. 2006-இல் ஜேம்ஸ் கோன் குழுவினர், திருமணமான 16 பெண்களைச் செயல்முறை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்க வைத்தார்கள். எந்த மூளைப் பகுதி சுறுசுறுப்பாக இருக்கிறது என்று இரத்த ஓட்டத்தை வைத்துக் காட்டும் கருவி அது. கணுக்காலில் லேசான மின்னதிர்ச்சி வரலாம் என்ற அறிகுறி தோன்றும்போது, தனியாக இருந்தபோது அவர்கள் மூளையில் அபாயப் பகுதிகள் பரபரத்தன. முன்பின் தெரியாதவர் கையைப் பிடித்தாலே பரபரப்பு ஓரளவு தணிந்தது. கணவர் கையைப் பிடித்தபோது இன்னும் தணிந்தது. இல்லறம் இணக்கமாக இருந்தவர்களுக்குப் பலன் மேலும் கூடியது.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கிளம்பிக் கிருஷ்ணன்கோவிலில் பிரிந்து, வத்திராயிருப்பு வழியாகத் தாணிப்பாறை போனால் சதுரகிரி மலை அடிவாரம். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் அங்கே பெரும்பாலோர் கூட்டமாகத்தான் ஏறுகிறார்கள். 2008-இல் சிமோன் ஷ்னால் குழுவினர் ஒரு மேட்டின் கீழே ஆட்களை நிறுத்தி, எவ்வளவு செங்குத்து என்று கேட்டார்கள். நண்பருடன் நின்றவர்கள், தனியாக நின்றவர்களைவிடச் சரிவைக் குறைவாகவே மதிப்பிட்டார்கள். ஆய்வு சிறியது, கண்ணுக்கே அப்படித் தெரிகிறதா, மனம் சொல்லும் கணக்கு மட்டும் மாறுகிறதா என்று விவாதம் தொடர்கிறது. ஆனால் கோனின் விளக்கத்தோடு இது பொருந்துகிறது: எதிரே இருக்கும் பாரத்தை மூளை அளக்கும்போது, பக்கத்தில் யார் இருக்கிறார் என்பதையும் சேர்த்துக்கொள்கிறது.

ஆக, நம்பிக்கையான மனம் என்பது பிறவிக் குணம் மட்டுமல்ல. வேளையும் துணையும் சேர்ந்து வளர்ப்பது. சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலி மானஸ் எண் 14416 இருக்கிறது. சோர்ந்திருக்கும் நண்பரிடம் நல்லதே நினை என்று சொல்லி நிறுத்திவிட வேண்டாம். "காலைல ஆறு மணிக்கு வாசல்ல நிக்கிறேன், நடக்கப் போவோம்" என்று சொல்லுங்கள். மறுநாளும் அதே ஆறு மணிக்குப் போய் நில்லுங்கள்.